கடப்பாக்கம் பக்கத்து பூத்தும் கன்னத்து மையும்

உருகின அரக்கு வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒன்றாய்க் கலந்தால் எப்படியிருக்கும்? எனக்குத் தெரியும். இன்றைக்கும் எங்காவது அரக்கு உருகினால் போதும், மார்பில் பால் கட்டிய அந்த வலி ஞாபகம் வந்துவிடும்... சிரிக்காதீர்கள், நிஜம்.

தொண்ணூறுகளில் நடந்தது. செங்கல்பட்டில் டீச்சராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பஞ்சாயத்து பிரசிடெண்ட் தேர்தல் வந்தது. கைக்குழந்தை இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஆளே இல்லம்மா, எல்லாரும் ஒரு காரணம் சொல்றாங்க" என்று டியூட்டி ஆர்டரைக் கையில் திணித்தார்கள்.

நாலு மாசப் பெண்ணை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஓட்டுப் பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாக லாரியில் ஏறினேன். முந்தின நாளே கடப்பாக்கம் பக்கம் ஒரு மீனவ கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

எனக்கு மை வைக்கிற வேலை. ஏலம் முடிந்து நேராக வந்த பெண்களின் விரலில் மீன் செதில் பளபளவென்று ஒட்டியிருக்கும். துணியால் துடைத்துத்தான் வைக்க வேண்டும். "நல்லா தேய் டீச்சர், வூட்டுலகூட எனக்கு யாரும் இப்டி கை தொடைச்சது இல்ல" என்று ஒரு அம்மா சொல்ல, வரிசையே சிரித்தது.

அந்த முறை பிரசிடெண்ட் பதவி பெண்களுக்கு. நின்ற இரண்டு பேருக்கும் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர்கள் அஞ்சலையும் குப்பம்மாவும். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே வாசல், ஒரே கிணறு. ஆனால் மனுத்தாக்கல் நாளிலிருந்து பேச்சு கிடையாது. நடுவில் ஒரு பெஞ்ச் போட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறும் நேரம். கேட்டுக்கு வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. என் குழந்தை அழுகை எனக்குத் தெரியாதா... ஜாக்கெட் நனைந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு வீட்டுக்காரர்.

"பாட்டிலைத் தொடவே மாட்டேங்குறா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து துப்பிக்கிட்டே இருக்கா. பயமா இருக்கும்மா" என்று கேட்டுக்கு வெளியிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார். அவர் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை.

பூத்துக்குப் பொறுப்பான பெரிய அதிகாரியிடம் ஓடினேன். ரிட்டயர் ஆகப் போகிறவர், பாவம். "மேடம், நீங்க நடுவுல எழுந்து வெளிய போனா, ரெண்டு தரப்புல எவனாவது புகார் எழுதுவான். உங்க வேலையும் போகும், என் பென்ஷனும் போகும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நாற்காலியில் உட்கார்ந்து மை வைத்துக்கொண்டே அழுதேன்.

அஞ்சலைதான் முதலில் எழுந்தாள்.

"இன்னா சார் நீ? கொயந்த தொண்ட காஞ்சி கத்திக்கினு கீது. போய் பால் குடுத்துட்டு வரட்டும். நான் வேணா கூட போறேன், எங்க ஆளுங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உடனே குப்பம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "போவட்டும், வேணான்னு சொல்லல. ஆனா இவ கூட போய் டீச்சர் காதுல எதுனா ஓதுனா? நானும் வருவேன்."

"வாயேன், யார் வேணான்னது!"

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதும் அதிகாரியும் சரி என்றார். இருவரின் இடத்திலும் மாற்று ஏஜெண்டுகள் உட்கார்ந்தார்கள். என் நாற்காலியில் இன்னொரு டீச்சர். நான் குழந்தையோடு சத்துணவு சமையற்கட்டுக்குள் போக, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பால் கொடுக்கிற தாய்க்கு இரண்டு கட்சிப் பாதுகாப்பு! அப்பேர்ப்பட்ட மரியாதை எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது.

குழந்தை வாய் வைத்ததும் அழுகை நின்றது. எனக்கு உயிர் திரும்ப வந்தது. அப்போதுதான் கவனித்தேன்... என் விரலில் இருந்த மை அவள் இடது கன்னத்தில் அப்பியிருந்தது. ஐயையோ என்று முந்தானையை எடுத்துத் தேய்த்தேன். போனால்தானே? மறுபடியும் எனக்கு அழுகை.

"அட, உடு டீச்சர். கண்ணுல படல இல்ல? நல்ல திருஷ்டிப் பொட்டு" என்றாள் குப்பம்மா. பிறகு தலையைத் திருப்பாமலே, "எக்கா, கதவாண்ட காத்து வருது பாரு, அந்த முந்தானைய கொஞ்சம் புடி" என்றாள்.

அந்த 'எக்கா' காதில் விழுந்ததும் அஞ்சலை ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அப்புறம் என் முந்தானையை விரித்துப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள். வாசல் பூவரச மரத்தில் யாரோ புடவையில் தூளி கட்டினார்கள். வரிசையில் நின்ற பெண்கள் ஓட்டுப்போடப் போகிற வழியில் ஆளுக்கு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் காவல் என்ற பெயரில் தூங்கிவிட்டார்.

யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டிக்கு அரக்கு வைத்து லாரியில் ஏற்றியதோடு சரி. அந்தக் கன்னத்து மை மட்டும் வாரக்கணக்கில் போகவில்லை. பார்க்கிறவர்களெல்லாம், "உங்க பொண்ணு ஓட்டு போட்டுட்டாளா?" என்று கேலி செய்வார்கள்.

இப்போது பெரிய தேர்தல்களுக்கெல்லாம் மெஷின்... பட்டனைத் தொட்டால் ஒரு 'பீப்', அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரிகளை டியூட்டியிலிருந்து விட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப நல்ல விஷயம், மனசாரச் சொல்கிறேன். ஆனாலும் அந்தச் சமையற்கட்டு மாதிரி ஒன்று இனிமேல் யாருக்குக் கிடைக்கும்?

அஞ்சலை, குப்பம்மா... எங்கே இருந்தாலும் நல்லா இருங்கள் அம்மா. அன்றைக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

என் மகள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட அன்று ஒரு போட்டோ அனுப்பினாள். எல்லாரும் விரலை மேலே நீட்டித்தானே எடுப்பார்கள்? அவள் மை வைத்த விரலை இடது கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.