மெடெர் அழுத நாள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் சாய்ரா மூன்று அறைகளின் படுக்கை விரிப்புகளையும் மாற்றிவிடுவாள். ஏரிக்கரைக்குக் கோடை விருந்தாளிகள் வரும் காலம். அறைகள் அவர்களுக்கு வாடகைக்கு. தம்பி மெடெரும் அவன் கல்லூரி நண்பர்களும் வந்தால் முற்றத்தில், பாதாமி மரத்தடியில்தான் படுக்கை. நான்கு மெத்தைகளைப் போட்டு, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு துண்டை மடித்து வைப்பாள். எது யாருடைய துண்டு என்று அவளுக்குத் தெரியும். நீலக்கரை போட்டது எர்மெக்குக்கு.

அம்மா இறந்துபோனபோது மெடெருக்கு ஆறு வயது. அவனை வளர்க்க சாய்ரா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். ஏரிக்கரை ஊரான சோல்பன்-அத்தாவில் அவர்கள் தெருவிலிருந்து தலைநகர் பிஷ்கெக்கின் பொறியியல் கல்லூரிக்குப் போன முதல் ஆள் மெடெர். கடைக்காரி, தபால்காரர், அறை கேட்டு வரும் ரஷ்யக் குடும்பங்கள் என்று எல்லோரிடமும் அதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள்.

மூன்று கோடைகள், ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை, பெரும்பாலான வாரக் கடைசிகளில் அவர்கள் வந்தார்கள். மெடெர், எர்மெக், பெரிசாத் என்ற வாயாடிப் பெண், அவளுடைய அண்ணன் திலேக். வந்ததும் எர்மெக் கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிடுவான். கோச்கோர் என்ற மலையூரின் ஆட்டிடையர் வீட்டுப் பையன். குதிரை ஏறுவான், ஆடு அறுப்பான். தண்ணீர் என்றால் மட்டும் நடுக்கம்.

"அக்கா, இவன் ஏரிக்கு எதைக் கொண்டு வந்திருக்கான்னு பாருங்க," என்றாள் பெரிசாத், முதல் கோடையில். எர்மெக்கின் தோளில் காற்றடைத்த டிராக்டர் டியூப் ஒன்று தொங்கியது.

"எங்கப்பாவோடது. திருப்பிக் கொடுக்கணும். சிரிக்காதீங்க," என்றான் எர்மெக்.

"டிராக்டர் எங்கடா?"

"டிராக்டர் தண்ணில மிதக்காது, பெரிசாத். அதான் விட்டுட்டு வந்தேன்."

மெடெர்தான் அவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தான். முழங்கால் தண்ணீரில் தொடங்கி, இடுப்பு, மார்பு என்று. மூன்றாம் கோடையில் எர்மெக் டியூப் இல்லாமல் சிவப்பு மிதவை வரை போய்த் திரும்பினான். கரையில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சாய்ரா தலைகளை எண்ணுவாள். நான்கு. மறுபடியும் நான்கு. ஒரு தலை கொஞ்ச நேரம் முழுகியிருந்தாலும் அவள் எழுந்து நின்றுவிடுவாள். சாலையைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த மூன்றாம் கோடையின் ஆகஸ்ட் ஞாயிறு ஒன்றில் பெரிசாத்தும் திலேக்கும் வரவில்லை. மதியம் தண்ணீர்க் குழாய் உடைந்தது. மறுநாள் அறைகளுக்கு ஆள் வருகிறார்கள்.

"குழாயச் சரி பண்ணிட்டுக் காலைல போயேன்டா," என்றாள் சாய்ரா மெடெரிடம்.

"எனக்குக் காலைல பரீட்சை இருக்கு அக்கா. இவன் இருக்கட்டும், நான் கிளம்பறேன்," என்றான் எர்மெக். நீலக்கரைத் துண்டு ஈரமாகக் கொடியில் கிடந்தது. "அடுத்த வாரம் வந்துதான ஆகணும், அங்கயே கிடக்கட்டும்."

அன்றிரவு பிஷ்கெக் போகும் வழியில், போம் கணவாயில் பாறை சரிந்து அவன் போன சிற்றுந்தின் மேல் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். எர்மெக் அவர்களில் ஒருவன்.

அடக்கத்தன்று மெடெர், வகுப்புத் தோழர்களோடும் ஒரு ஆசிரியரோடும் கோச்கோருக்குப் போனான். வீட்டின் முன் கூடாரம் போட்டிருந்தார்கள். வாசலில் எர்மெக்கின் அப்பா காசிமாலி, இரண்டு சித்தப்பாக்கள், கையில் கோல் ஊன்றிக் குனிந்து நின்றார்கள். அந்த வரிசையில் செத்தவனின் சொந்த ஆண்கள் மட்டும்தான் நிற்பார்கள். வருகிற ஆண் தூரத்திலேயே வாய்விட்டு அலற வேண்டும். செத்தவன் தனக்கு யார் என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே வர வேண்டும். நிற்கிறவர்கள் பதிலுக்கு அழுவார்கள். அழுகையில்தான் சொந்தம் தெரியும். ஊர்க்கிழவர்கள் அப்படித்தான் வந்தார்கள். நகரத்துப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். மெடெரும் அவர்களுக்கு நடுவில் அலறாமல் நடந்தான். காசிமாலி கையைக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான் பாரு," என்றார் ஒரு சித்தப்பா, அவன் காதில் விழும்படி. "இவன் வீட்டுல சாப்பிட்டுட்டுக் கிளம்பின வழியிலதான் நம்ம பையன் செத்தான்."

மெடெர் இதை அக்காவிடம் சொல்லவில்லை. பெரிசாத் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. நாற்பதாம் நாள் சடங்குக்கு மெடெர் போகவில்லை. அடுத்த கோடையில் வீட்டுக்கு வந்தும் ஏரியில் இறங்கவில்லை. டிராக்டர் டியூப் கொட்டகையில் காற்றிறங்கித் தொங்கியது. சாய்ரா நீலக்கரைத் துண்டைத் துவைத்து, தேய்த்து, பூச்சி அரிக்காமல் இருக்க உலர்ந்த இலை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் குழாய் ஞாபகம் வரும். மெடெரை இருக்கச் சொன்னது அவள்தான். தன் தம்பி உயிரோடிருப்பதற்கு அவளால் வருத்தப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

ஆகஸ்டில் வருஷச் சடங்கு, 'ஆஷ்'. எர்மெக்கின் நண்பர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மெடெருக்கு இல்லை.

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படி அக்கா போறது?"

"சாவு வீட்டுக்கு யாருடா கூப்பிட்டுப் போறாங்க? துண்ட அவங்க அம்மாகிட்ட கொடுக்கணும். டியூப அவங்க அப்பா கேட்டாரோ இல்லையோ, திருப்பித் தரேன்னு அந்தப் பையன் சொல்லியிருக்கான். ரெண்டுல ஒண்ணத்தான் என்னால தூக்க முடியும்."

மெடெர் கொட்டகைக் கதவு வரை போய்த் திரும்பினான். பிறகு, "ஒரு வருஷம் கழிச்சுப் போயி அலறினா நடிக்கிறான்னு சொல்லுவாங்க," என்றான்.

"சொன்னா சொல்லட்டும். உன்னை அழச் சொல்லி நான் கூப்பிடல. டியூப எடு."

அவள் அவனுடைய வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை தேய்த்தாள். காலரில் ஒரு சுருக்கம் இருந்தது.

கோச்கோரில் காலை பத்து மணிக்கே புழுதி பறந்தது. கூடாரத்துக்கு நூறு அடி முன்னால் சாய்ரா அவனை விட்டுப் பிரிந்தாள். பெண்களுக்கு வழி வேறு. அவள் கூடாரத்துக்குள் நுழைந்து, வழக்கப்படி துணிச்சுவரைப் பார்த்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த எர்மெக்கின் தாயின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடியில் வைத்தாள்.

"இது அவனோடது, அம்மா. எங்க கொடியில கிடந்தது."

தாய் நீலக்கரையை விரலால் தடவிப் பார்த்தாள். பாட்டு நின்றுபோனது.

வெளியே ஒருவர் பின் ஒருவராக ஆண்கள் அழுதுகொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு மௌனம். சாய்ரா காதைத் தீட்டினாள். மெடெர் இந்தத் தடவையும் அலறாமல் நடந்துவிட்டானா? திரும்பிவிட்டானா?

அப்போது ஒரு குரல் உடைந்து கிளம்பியது. அழகான குரல் இல்லை. கிழவர்களின் நீண்ட இழுப்பு அதில் இல்லை. தொண்டை கிழிகிற சத்தம்.

"என் எர்மெக்கே! தண்ணிக்குப் பயந்தவனே! கழுத்தத் தாங்கி நீஞ்ச விட்டேனே, ரோட்டுல தனியா விட்டேனே! உன் டியூப நான் கொண்டாந்திருக்கேன்டா, என் கூடப் பிறந்தவனே!"

கூடாரத்துக்குள் பெண்கள் தலை நிமிர்த்தினார்கள். "யாரு அது?" என்றாள் தாய்.

"என் தம்பி," என்றாள் சாய்ரா. கண்ணைத் துடைக்காமல் சொன்னாள். "மெடெர்."

"நீச்சல் சொல்லிக் கொடுத்த பையனா?"

"அவன்தாம்மா."

வெளியிலிருந்து பதில் வரவில்லை. மெடெரின் குரல் மட்டும் தனியாக, நெருங்கிக்கொண்டே வந்தது. தாய் துண்டை இறுக்கிப் பிடித்தபடி வாசல் துணியையே பார்த்தாள். பிறகு முதிய குரல் ஒன்று, அடிவயிற்றிலிருந்து, "என் மகனே!" என்று எழுந்தது. காசிமாலியின் குரல். அதன் பின் மற்ற இரண்டும். எல்லாம் ஒன்றாகி எது யாருடையது என்று சாய்ராவுக்குப் பிரிக்கத் தெரியாமல் போனது. தாய் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினாள்.

உச்சிவேளையில் சாய்ரா தேநீருக்குத் தண்ணீர் எடுக்க வெளியே வந்தாள். வாசலோரம் டிராக்டர் டியூப் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஊரிலிருந்து வந்தவர்கள் அழுதுகொண்டே நெருங்கினார்கள். கோல் ஊன்றி நின்ற வரிசை குனிந்து பதில் அழுதது. வரிசையின் கடைசியில் கோல் ஊன்றி நின்றவனின் வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது.

பழக்கத்தில் அவள் தலைகளை எண்ணினாள். நான்கு.