ஓரம் வெட்டாத பக்கங்கள்

திருப்பத்தூர் பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் கேட்டார்: “உங்க கூட்டாளி, கதை எழுதுற தேனப்பன் போயிட்டாகளாமே, தெரியாதா?” தெரியாது. பாதி வழியில் இறங்கி அவர் ஊரான நேமத்தான்பட்டிக்குப் போனேன். அழுகை வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டினால் துக்கப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

என்னைப் போல எழுதுகிறவர்கள், அவரைத் தெரிந்தவர்கள், உங்களுக்கு அந்த வாக்கியம் மறந்திருக்காது. யார் தன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எப்படி என்று கேட்டாலும், “அட்டை நல்லா வந்திருக்குய்யா” என்பார். அவ்வளவுதான். காரைக்குடியில் எந்த வெளியீட்டு விழாவிலும் அவர் மேடை ஏறியதில்லை. “எழுதுறவன் அடுத்தவன் எழுத்தைப் பத்திப் பேசுனா பாதி பொய், பாதி வயித்தெரிச்சல். எனக்கு ரெண்டும் வேணாம்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஆனால் நம் எல்லாரையும் படித்தார், கதவைச் சாத்திக்கொண்டு.

என் முதல் நாவல் அறுபதுகளில் வந்தது. நம் பதிப்பாளர் கஞ்சர், யார் புத்தகத்தையும் ஓரம் வெட்டாமலே அனுப்பிவிடுவார். பேனாக்கத்தியால் மடிப்பைக் கிழித்துக் கிழித்துத்தான் படிக்க வேண்டும். மறு வருடம் தேனப்பன் வீட்டு அலமாரியில் அதைப் பார்த்தேன். அவர் கை கழுவப் போன சமயத்தில் எடுத்துப் பிரித்தேன். பாதிவரை கிழித்திருந்தது, மீதி ஒட்டிக்கொண்டே இருந்தது. பாதியில் மூடிவிட்டார்! அன்று அவர் மனைவி வள்ளியம்மை ஆச்சி வைத்த பணியாரத்தைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு யார் பாராட்டினாலும் எனக்கு அந்த ஒட்டிய பக்கங்கள்தான் ஞாபகம் வரும். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அட்டையைப் பற்றித்தானே சொல்வார்.

காரியம் முடிந்த அன்று ஆச்சி அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“இது உங்களுக்குத்தான் தம்பி. கடைசியா இதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தாக.”

“பிடிக்காமப் பாதியில விட்டுட்டாகன்னுல்ல நினைச்சேன், ஆச்சி.”

“பிடிக்காததையெல்லாம் முழுசாப் படிச்சிருவாக. பிடிச்சதைத்தான் பாதியில மூடி வச்சிருவாக. ‘இதை முடிச்சா என் பேனா ஓடாது வள்ளி’ம்பாக. போன மாசம் கை நடுக்கம் வந்து, இனி எழுத முடியாதுன்னு ஆச்சுல்ல? அப்பத்தான், ‘இனி எனக்கென்ன பயம், அதை எடு’ன்னாக. நான்தான் தினமும் ஓரத்தைக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? இத்தனை வருடம் கழித்து வந்த பாராட்டை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்ய?

உங்கள் புத்தகங்களும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. போய்ப் பார்க்காதீர்கள். முழுசாகக் கிழித்திருந்தால் மனசு கஷ்டப்படும்.

என் புத்தகம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கடைசி அத்தியாயம் மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது. நான் கிழிக்கப்போவதில்லை. அது அவர் படிக்க வேண்டிய இடம்.