செல்வி அக்காவுக்குக் கொடுத்த காளான்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தலவாக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சும்மா இருந்த நாட்கள். மழை விட்ட ஒரு காலையில் யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில் வெள்ளைவெளேரென்று காளான் முளைத்திருந்தது. போனில் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டேன். சாப்பிடலாம் என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை!

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எது கிடைத்தாலும் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். ஏழு மாதக் கர்ப்பிணியான செல்வி அக்காவுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்த அம்மா, மீதிக் காளானைப் பார்த்துப் பதறினார்.

"இத எங்கடி புடுங்குன? இதத் தின்னுதான் கீழ் லயத்துல நாலு பேர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க!"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அக்கா வீட்டில் குழம்பு மணத்தது.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"இல்லடி. ஒங் கிண்ணத்த வெறுமனே குடுக்க முடியுமா? மொத ஒனக்கு ஊத்திக் குடுத்துட்டுச் சாப்பிடலாம்னு இருக்கேன்."

விஷயத்தைச் சொல்லி அழுதேன். குழம்பைக் குழி தோண்டிக் கொட்டினோம். "ஒம் போனா திங்கப் போவுது, அதுக்கு என்னடி தெரியும்?" என்று சிரித்தார் அக்கா. ஆனால் அவருடைய ஒரு கை வயிற்றை விட்டு விலகவேயில்லை.

இப்போது அம்மா பார்க்காமல் காளானோ கீரையோ எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. அந்தக் கிண்ணத்தை அக்கா தேய்த்துக் கழுவி, இரண்டு ரொட்டி வைத்துத்தான் திருப்பித் தந்தார்.