போறணைக்கு மேலே பவுலினா

ஜன்னல் இடுக்கில் பழைய சாக்குத் துண்டைத் திணித்து, கரண்டிக் காம்பால் இன்னும் ஒரு குத்துக் குத்தி உள்ளே தள்ளுகிறார் பவுலினா. பிறகு புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார். சுவருக்குள் புகைபோக்கி, நேர் கீழே நஸ்மியாவின் பேக்கரிப் போறணை அடுப்பு. பின்னேரப் பாண் வேகிற நேரம் என்பதால் செங்கல் நல்ல சூட்டில் இருக்கிறது. "ம், வந்துருச்சு. கதவ மூடு" என்கிறார். கடைசியாக வந்தவள் நான். மூடுகிறேன்.

வெளியே அப்புத்தளை மூடுபனிக்குள் கிடக்கிறது. ஸ்டேசனில் ரயில் நிற்கிற சத்தம் கேட்கிறது, ரயிலைக் காணோம். ஸ்வெட்டரைக் கழற்றவே யோசிக்க வேண்டிய ஊர் இது. இங்கே என்னவென்றால், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேர்த்து வடிவதற்கென்றே படியேறி வந்திருக்கிறார்கள். ரொட்டி மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த அறை. அரைவாசியை ஒதுக்கிக் கூட்டி, நஸ்மியா சும்மா கொடுத்திருக்கிறார். பாண் வாசனை வயிற்றைக் கிள்ளும். அதைப் பொறுத்துக்கொள்வதே பாதி யோகா என்பது என் கட்சி.

பவுலினாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குள்ளம், உருட்டுக்கட்டை உடம்பு. யோகா என்றதும் காலண்டரில் வரும் கொடி இடை எதுவும் இங்கே இல்லை. காலையில் கீழே மாவு பிசைகிறார். கொழுந்தைத் தராசில் நிறுத்து முடித்துப் பெண்கள் மலையிறங்கி வந்ததும் மேலே வகுப்பு. முதலில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போகமாட்டார். ஒரு நாள் நான் தலையை மட்டும் ஆட்டினேன். "வாயத் தொறந்து சொல்லுங்க. ஒங்க பேருதானே, வெக்கமா?" என்று கேட்டுவிட்டார். நான் வேலை செய்யும் கந்தோரில் என்னிடம் இப்படி ஒருவரும் பேசுவதில்லை.

பெண்கள் விரித்துப் படுப்பது கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் சுற்றுகிற படங்கைத்தான். தேயிலைச் செடியில் உரசி உரசி அது மெத்தென்று ஆகியிருக்கும். ஆசனங்களின் பெயரும் தோட்டத்துக்கு மாறிவிட்டது. கால் மடங்காமல் குனிந்து நிலத்தைத் தொட்டால் அது கவ்வாத்து, செடியை அடியோடு வெட்டுகிறவர்கள் அப்படித்தான் குனிவார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் சாய்ந்தால் கூடை எறக்குறது. கடைசியில் அசையாமல் படுப்பதற்குத்தான் தகராறு வந்தது. பிணத்தைப் போலக் கிடக்க வேண்டும் என்று பவுலினா சொன்னாராம். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாரியாயி எழுந்து உட்கார்ந்துகொண்டார். "வெளக்கு வைக்கிற நேரத்துல பொணமா கெடக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" அன்றிலிருந்து அதற்குப் பெயர் போயா லீவு, பௌர்ணமிக்குக் கிடைக்கும் விடுமுறை. இப்போது எல்லோரையும்விட மாரியாயிதான் அதில் அதிக நேரம் கிடப்பார்.

முதல் வகுப்பின் கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மலையிறங்கியதும் தோளுக்கும் கழுத்துக்கும் தைலம் தேய்ப்பது இவர்களுக்குக் கைப்பழக்கம். அன்றும் வழக்கம்போலத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு, மேலே ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு வந்து சூட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தோள் எரிய, கண் எரிய, அறை முழுக்க ஒப்பாரி. பாண் வாங்க வந்தவர்கள் மேலே யாரோ செத்துப்போனதாக நினைத்து நஸ்மியாவிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்களாம்.

சூட்டில் செய்வதால் சீனி குறையும், கொழுப்பு கரையும் என்றெல்லாம் விளம்பரக்காரர்கள் எழுதட்டும். நான் கண்டதைச் சொல்கிறேன். கூடைக் கயிறு தலையில் அழுத்தி அழுத்தி மாரியாயியின் கழுத்து ஒரு பக்கம் இறுகிப்போயிருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் பல வருடமாக மகள்தான் அவருக்குக் கொண்டை போட்டுவிட்டாள். இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி அவிழ்த்து அவிழ்த்துப் போடுகிறார். குளிரில் விறைத்த உடம்பு சூட்டில் இளகுகிறது, மடங்காதது மடங்குகிறது, இரவில் நல்ல தூக்கம் வருகிறது. நாற்காலியில் இருந்தே கெடுத்துக்கொண்ட என் கழுத்தும் இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. அதே சூடு ஆளைத் தூக்கியும் போடும் என்பது பவுலினாவுக்குத் தெரியும். "பிரஷர்காரிங்க கதவுப் பக்கம். தல சுத்துனா வீரம் காட்டாத, போய் வெளிய உக்காரு" என்பார். உப்புப் போட்டுத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரைக் குடிக்காமல் யாரும் படியிறங்க முடியாது.

ஊரில் பேச்சு இல்லாமல் இருக்குமா? ஜெபக் கூட்டத்துப் பெண்கள் வீடு தேடி வந்து, வேதக்காரிக்கு இது ஆகாது, சாத்தான் உள்ளே நுழைவான் என்றார்கள். "வேர்வை வெளிய போறதத்தான் நான் பாத்தேன். உள்ள ஒன்னும் வரலயே" என்று சொல்லி அவர்களுக்குத் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வழக்கம்போல முன் வாங்கில் போய் உட்கார்ந்தார். வகுப்புத் தொடங்குமுன் அவர் சிலுவை போட்டுக்கொள்வார், மாரியாயி "முருகா" என்பார், நான் கழுத்தை நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் பவுலினா கற்றது துபாயில். கற்றது என்று சொல்வதும் சரியில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணாடிச் சுவரும் ஹீட்டருமாக இருந்த யோகா ஸ்டூடியோ ஒன்றில் அவர் கிளீனர். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு வருவதற்குள், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தரையில் கிடக்கும் வேர்வையைத் துடைத்து எடுக்க வேண்டும். "பணக்கார வேர்வை. அதுவும் நம்ம வேர்வை மாதிரிதான் நாறும்" என்பார். துடைத்துக்கொண்டே பார்ப்பார். எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு செய்வார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

அங்கே அவர் பெயர் பவுலினா இல்லை. முஸ்லிம் பெயர் இருந்தால் வேலை கெதியாகக் கிடைக்கும் என்று ஏஜென்ட் அவரைப் பரீதா என்ற பெயரில் அனுப்பிவைத்தான். இருந்த காலம் முழுக்கப் பரீதா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு, மறந்துவிடக் கூடாதே என்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மலை மேலே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்காகக் கண்ணாடியில் அறை கட்டி, ஹீட்டர் வைத்து, பலகைத் தளம் போட்டிருக்கிறார்கள். கூட்டிவந்த யோகா டீச்சர் குளிர் தாங்காமல் போய்விட்டார். மேனேஜர் ரஜீவ், கொழும்புப் பிள்ளை, மரியாதையாகப் பேசுவார். ஒரு நாள் வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார். பவுலினா போனார். விருந்தாளிகள் கை தட்டினார்களாம், ரஜீவ் அங்கேயே டீச்சராக இருக்கச் சொன்னாராம்.

"பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஆச வந்துருச்சு" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "அந்தப் பலக மேல வெறுங்கால வச்சேன். தொடச்சிப் பழகுன தரை, அது மேல நின்னு சொல்லிக் குடுக்கிறேன். அழுகையே வந்துருச்சு." வாரத்தில் ஒரு நாள் தன் பெண்களையும் அங்கே கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறார். ரஜீவ் சிரித்துவிட்டு, பார்ப்போம் என்றாராம். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை வகுப்புப் பாதியில் ரஜீவ் படியேறி வந்தார். ஆம்பிளைகள் உள்ளே வரக் கூடாது என்பதால் பவுலினா வாசலில் போய் நின்றுகொண்டார். "கவ்வாத்துல நில்லுங்க, வந்தர்றேன்." நாங்கள் குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டோம்.

"அக்கா, நாளைக்கு கெஸ்ட் வாறாங்க. போர்டும் எழுதியாச்சு. இந்தாங்க உங்கட டீ-ஷர்ட்." காகிதப் பையை நீட்டினார். வெள்ளை பனியன். நெஞ்சில் பச்சை எழுத்தில் 'குரு ஆனந்தி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும்.

"இது யாரு?"

"நீங்கதான். பவுலினா எண்டா அவங்களுக்கு ஒரு ஃபீலிங் வராதக்கா. சர்ச் பேர் மாதிரி இருக்கும். இது சும்மா ஹோட்டலுக்கு மட்டுந்தான். மற்றது, இந்தக் கிளாஸ நிப்பாட்டிருங்க. ஒரே டீச்சர் ரெண்டு இடத்தில எண்டா சரிவராது."

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. குனிந்திருந்ததால் மட்டும் இல்லை. பவுலினா யோகா செய்யக் கூடாது என்கிறது ஒரு கூட்டம். யோகா சொல்லிக் கொடுப்பவள் பவுலினாவாக இருக்கக் கூடாது என்கிறது இன்னொன்று. இந்த மனுசிக்குத் தன் பெயரோடு நிற்க ஒரு இடம் விடமாட்டார்களா?

பவுலினா பனியனைத் திரும்பப் பைக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தார். அன்றிரவு வீட்டில் கணவர் மாணிக்கராஜும் இதே பேச்சுத்தான் என்று பவுலினா பிறகு சொன்னார். "நான் ஒன்ன ஏய்னு கூப்புட்டா திரும்புறதானே? ஆனந்தின்னா திரும்ப மாட்டியா?" என்று கேட்டாராம். மறுநாள் முழுக்க அவர் எப்படிக் கூப்பிட்டும் பவுலினா திரும்பவில்லையாம்.

"தம்பி, பரீதாங்கிற பேருல நான் அங்க செத்திருந்தா, என் பொட்டி யாரு வீட்டுக்குப் போயிருக்கும்?" என்று ரஜீவிடம் கேட்டார்.

ரஜீவுக்கு விளங்கவில்லை. பவுலினாவே விளங்கப்படுத்தினார். "எங்க வீட்டுக்கு வந்திருக்காது. எங்கம்மா வாசல்லயே நின்னுருக்கும். ஒருக்கா அடுத்தவ பேருல வேர்த்தது போதும். அந்த அறை எனக்கு வேணும், நெசமாவே வேணும். பவுலினா வரலாம்னா நாளைக்கே வாறேன். இவளுகளையும் கூட்டிக்கிட்டு வாறேன்."

"அப்பிடிச் செய்யேலாதக்கா." ரஜீவ் குரலைத் தணித்துக்கொண்டார். "கீழ உள்ளவங்களையும் யோசிங்க. எங்கட ஹோட்டல் பாண் இங்க இருந்துதானே வருது."

பவுலினாவின் முகம் முதல்தடவையாக இறங்கியதைக் கால்களுக்கிடையில் தலைகீழாகப் பார்த்தேன். அவர் மட்டும் என்றால் எதையும் தாங்குவார். நஸ்மியாவின் பிழைப்பில் கை வைத்தால் என்ன செய்வார்?

படியடியிலிருந்து நஸ்மியாவின் குரல் வந்தது. பாண் தட்டை இறக்கிவைக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது. "மகன், பாண் வேணாம்னா வேற கடையில எடுங்க. ஊருக்குப் பாண் போட்டு மிஞ்சினதுதான் ஒங்களுக்குத் தந்தது. போறணைய நான் அணைக்கிறதில்ல. பவுலினா, கதவ மூடு, சூடு போகுது."

ஹோட்டல் பாண் போனால் நஸ்மியாவுக்கு அடிதான், அது எல்லோருக்கும் தெரியும். மாரியாயி குனிந்தபடியே, "இன்னும் எவ்வளவு நேரம் கவ்வாத்து வெட்டுறது? இடுப்பு கழண்டுரும் போல" என்று கத்தினார். ரஜீவ், யோசியுங்கள் என்று சொல்லிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். நல்ல பிள்ளைதான், சொன்ன வேலையைச் செய்கிறவர். ஆனாலும் அவருக்காக நான் இரக்கப்படப் போவதில்லை.

பவுலினா கதவை மூடினார். சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு குறைந்திருக்க வேண்டும், சாக்குத் துண்டை இன்னொரு தடவை குத்தி இறுக்கினார். "கூடைய எறக்குங்க. மெதுவா. மாரியாயி அக்கா, கண்ண மூடிக்கிட்டு ஏமாத்தாத." அன்றைக்கு வாங்கிய வேலைக்கு மறுநாள் எனக்குப் படியிறங்க முடியவில்லை. இத்தனை நாளில் எங்களை அவ்வளவு வேர்க்க வைத்ததில்லை. இடையில் ஒரு தடவை, யாரைப் பார்த்தும் இல்லாமல், "இது யாருக்கும் நிறுத்துக் குடுக்கிற வேர்வை இல்ல, நல்லா வேருங்க" என்றார்.

போயா லீவு முடிந்து எல்லோரும் எழுந்தோம். படங்குகளைச் சுருட்டியதும் சிமெந்துத் தரை முழுக்க ஈரம், வழுக்கியது. வழக்கமாகத் துடைக்கும் துணியை ஜன்னல் பக்கம் தேடினேன். பவுலினா வாசலுக்குப் போய்க் காகிதப் பையைத் திறந்தார். வெள்ளைப் பனியனை உதறி எடுத்து, பச்சை எழுத்துத் தரையைப் பார்க்கும்படி விரித்து, முட்டிபோட்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இழுத்துத் துடைத்தார். "கால எடு அக்கா" என்றார், மாரியாயி எடுத்தார். பிறகு பனியனை வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்து, மாவு பிசைகிற இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிந்தார்.