பன்னிரண்டில் ஒட்டிய தாள்

லண்டன் இல்ஃபோர்டில் அண்ணை வீட்டுச் சுவரில் அந்த அட்டவணையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் நான் அச்சடித்தது அது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஈஸ்ட் ஹாம் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் கறகறவென்று கத்தும் பிரிண்டரும் இருந்தன. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வரிசையாக அச்சடிக்க நான்கு வரியில் புரோகிராம் எழுதினேன். எழுத்துகள் முப்பத்திரண்டில்தான் தொடங்கும். மொக்கன் நான், பூச்சியத்தில் தொடங்கினேன். பன்னிரண்டாம் எண் எழுத்தே அல்ல, தாளை வெளியே தள்ளு என்ற கட்டளை. பிரிண்டரும் தள்ளிவிட்டு, மிச்சத்தை அடுத்த தாளில் அடித்தது. இரண்டையும் டேப் போட்டு ஒட்டினேன்.

அப்பா வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "மூத்தவன் செய்தது."

"அப்பா, அது நான்!"

"போடா! கணக்கிலை முட்டை வாங்கிற உனக்கு இது ஏலுமே?"

பக்கத்தில் நின்ற அண்ணை வாயே திறக்கவில்லை. அதோடு நான் கீபோர்டைத் தொடவில்லை. பிறகு பள்ளிக்கூடமும் என்னைக் கைவிட்டது; அதற்கு மட்டும் அண்ணை பொறுப்பில்லை.

இன்று அவருடைய மகள் சுவரைக் காட்டிக் கேட்டாள். "அப்பா, ஏன் பன்னிரண்டிலை ஒட்டியிருக்கு?"

அண்ணை இப்போது கம்ப்யூட்டர் கம்பனி மனேஜர். "பேப்பர் கிழிஞ்சு போச்சு பிள்ளை," என்றார்.

"கிழியேல்லை," என்றேன். "சித்தப்பா சொல்லுறன், வா. அண்ணை, நீங்களும் இருந்து கேளுங்கோ."