மெக்சிகோ விருந்தும் ஒரே சஹனும்

பரீட்சை முடிந்ததும் வீட்டில் மெக்சிகன் பார்ட்டி வைக்க வேண்டும் என்று என் மகள் கேட்டபோது, “உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்றுதான் முதலில் கத்தினேன். வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த எங்களுக்கு ரோலாவில் ஃபிளாட் என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத அடுப்பங்கரை. இதில் மெக்சிகோவை எங்கே வைப்பது? கூடப் படிக்கும் பிள்ளை வீட்டில் வைத்தார்களாம். வண்ணக் காகிதத் தோரணம், அவரவரே சுருட்டித் தின்னும் டாக்கோ, மிட்டாய் அடைத்துத் தொங்கவிட்டுக் கம்பால் அடித்து உடைக்கும் அட்டை நட்சத்திரம். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது.

பிறகு தோசைக்கல் முன்னால் நிற்கும்போது சட்டென்று ஒன்று தோன்றியது. பார்ட்டி என்றால் ஆட்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற சாக்கில் என் கொழுந்தனையும் கூப்பிட்டுவிடலாமே!

இவருக்கு ஒரே தம்பி அவன். பெட்டியும் கம்பளியும் விற்கும் எங்கள் கடையில் ஆரம்பம் முதல் கூடவே நின்றவன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, மஸ்கட்டில் ரூவி பக்கம் ஒரு கடையில் நல்ல வேலை வந்திருக்கிறது, போகிறேன் என்று சொன்னான். இவருக்கு வந்ததே கோபம். “என் கடையை விட்டுட்டுப் போறவன் எனக்குத் தம்பியே இல்ல” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கத்திவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மஸ்கட்டுக்கே குடிபோகிறான். இப்படியே போய்விட்டால் பிறகு யார் யாருக்கு ஃபோன் செய்வார்கள்? ஊரில் யாராவது செத்தால் அந்த மய்யித்து வீட்டில்தான் இனி முகம் பார்ப்பார்கள்.

என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, ஃபோன் போட்டேன். “மச்சி, காக்கா ஏதாச்சும் சொல்லிட்டா இவங்க மனசு விட்டுருவாங்க” என்று பயந்தாள். அண்ணனை எங்களில் காக்கா என்போம். “உங்க காக்காவை நான் பாத்துக்குறேன், நீ புள்ளைகளோட வந்து சேரு” என்றேன். இவரிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு சும்மா சொல்லக்கூடாது, ஜோராகத்தான் இருந்தது. மைதா மாவில் மெல்லிசாக ரொட்டி சுட்டு அடுக்கினேன். மாட்டுக் கைமா, மசித்த ராஜ்மா, வெங்காயமும் தக்காளியும் மல்லித்தழையும் போட்டு எலுமிச்சை பிழிந்த பச்சடி. அதற்கு மகள் சால்சா என்று பேர் வைத்திருந்தாள். வெண்ணெய்ப்பழத்தைச் சர்க்கரை போட்டு ஜூஸ் அடித்துத்தான் எனக்குப் பழக்கம், உப்பும் மிளகாயும் போட்டுப் பிசையச் சொன்னாள். வாயில் வைத்தால் நன்றாகவே இருந்தது.

கொழுந்தன் உள்ளே வந்து ஸலாம் சொன்னான். இவர் ஸலாமுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு டிவி ரிமோட்டைத் தேடினார். பிள்ளைகள் நட்சத்திரத்தை அடித்து உடைத்து, மிட்டாயை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார்கள். சாப்பாடு என்று நான் குரல் கொடுத்ததும் இவர் ஒரு பேப்பர் தட்டை எடுத்து நிரப்பிக்கொண்டு ஏசி பக்கம் போய் நின்றார். கொழுந்தன் தன் தட்டோடு பால்கனிக் கதவருகே போய் நின்றான். நடுவில் எதிர் ஃபிளாட் மலையாளி சேட்டன் மட்டும் பாவம், இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரவர் பரிமாறி அவரவர் மூலையில் நின்று தின்பதற்கு என்றே கண்டுபிடித்த விருந்து போலிருக்கிறது இது!

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தக் கல்லுளிமங்கன்களுக்கா நான் காலையிலிருந்து ரொட்டி சுட்டேன்? மேசையில் மீதி இருந்த பேப்பர் தட்டுகளை அள்ளி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒளித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து எங்கள் பெரிய தாம்பாளத்தை, அந்தச் சஹனை, இழுத்துக் கழுவினேன். எங்கள் கடற்கரை ஊரில் கல்யாணம் என்றாலும் நோன்பு திறப்பு என்றாலும் மூன்று மூன்று பேராக ஒரு சஹனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துதான் தின்போம். உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் தின்று முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. சஹனின் ஓரம் முழுக்க ரொட்டியை விரித்து, நடுவில் கைமாவைக் குவித்து, ஹாலில் பாய் விரித்து வைத்தேன்.

“தட்டு தீந்துபோச்சு. கையிலுள்ளதை இதுலயே போட்டுட்டு மூணு பேரும் உக்காருங்க” என்றேன்.

“உம்மா, திஸ் இஸ் நாட் மெக்சிகன்!” என்று மகள் கூச்சல் போட்டாள்.

“மெக்சிகோல உம்மா இல்லையா? அவளும் இதைத்தான் செய்வா. உள்ள போ.”

இவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். வேற்று ஆள் முன்னால் சண்டை போட முடியாதே, உட்கார்ந்தார். கொழுந்தனும் உட்கார்ந்தான். நானும் ஓரகத்தியும் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டோம்.

சேட்டன் கடையைப் பற்றி, வெயிலைப் பற்றி எல்லாம் பேசித்தான் பார்த்தார். அதற்குள் அவர் ஃபோன் அடித்தது. கீழே அவருடைய வண்டி யாரையோ மறித்துக்கொண்டு நிற்கிறதாம், உடனே எடுக்க வேண்டுமாம். ரோலாவில் பார்க்கிங் என்றால் சோறாவது கறியாவது! “ஸாரி கேட்டோ” என்று கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். எங்கள் வழக்கம் அவருக்கு எங்கே தெரியும்? மற்ற இருவருக்கும் தெரியும். ஒருவர் முடிக்காமல் மற்றவர் எழ முடியாது.

கைமாவில் ஊறின மிளகாய்த் துண்டுகள் கிடந்தன. இவருக்கு வயிற்றுப்புண். கொழுந்தன் தலையைத் தூக்காமலே அண்ணன் பக்கம் இருந்த மிளகாயை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்ப கெளம்புறே?”

“வியாழக்கிழமை, காக்கா.”

“எதுல?”

“பஸ்ஸுல.”

“புள்ளைகளையும் சாமானையும் வச்சிக்கிட்டு பஸ்ஸுலயா? வாணாம். நான் கொண்டுபோய் விடுறேன்.”

கொழுந்தன் அப்போதுதான் நிமிர்ந்தான். “அப்ப கடை?”

“கடை கெடக்குது போடா.”

பெருநாளன்றுகூடத் தொழுகை முடிந்ததும் கடை திறக்க ஓடுகிற மனுஷன் சொன்னது இது. ஓரகத்தி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தேன். சஹனில் ஒரு ரொட்டித் துணுக்குகூட மிச்சமில்லை. இருவரும் காய்ந்த கையோடு பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.