முதல் படம்

என் அக்கா தையல்காரி. ஊசியைவிட அவள் வாய் கூர்மை. அவள் மகளுக்கு மூன்று வயதில் மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மெதுவாக வளரும் வகை, எடுக்க முடியாத துணுக்கு ஒன்று உள்ளேயே இருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அறுவை முடிந்ததும் முதல் ஸ்கேன், அதிலிருந்து வருடத்துக்கு ஒன்று. எல்லாப் படங்களையும் ஒரு துணிப்பையில் திணித்து அக்கா என் தலையில் கட்டிவிடுவாள்.

வருடம் தவறாமல் புது டாக்டர் இருப்பார். வருடம் தவறாமல் அதே சண்டை. இந்த வருடமும் அப்படித்தான்.

“முதல் படத்தோட வச்சுப் பாருங்க டாக்டர்.”

“போன வருஷப் படம் போதும்மா. மாற்றம் எதுவும் இல்லை.”

“ஆறு வருஷமா இதே பல்லவிதான்!”

எனக்கு மானம் போயிற்று. “விடுக்கா, அவங்களுக்குத் தெரியாதா?” என்று அவள் காதைக் கடித்தேன்.

என்னை முறைத்துவிட்டு, மகளை இழுத்து டாக்டர் முன் நிறுத்தினாள்.

“போன வருஷம் தச்ச கவுன் இவளுக்கு இன்னும் சரியா இருக்கு. அதை வச்சுப் பாத்தா இவ வளரவே இல்ல. முதல் படம் எடுக்க இவளை இடுப்புல தூக்கிட்டு வந்தேன். இப்ப என் தோளுக்கு நிக்கிறா!”

டாக்டர் சலித்துக்கொண்டே முதல் படத்தை இந்த வருடப் படத்தின் பக்கத்தில் விளக்குப் பலகையில் செருகி, இரண்டையும் அளந்தார். மறுபடியும் அளந்தார். ஆறு வருட ‘மாற்றம் இல்லை’ எல்லாம் சேர்ந்து, துணுக்கு நான்கு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது.

“நீங்க சொன்னது சரிதாம்மா” என்றார் மெதுவாக.

அக்கா படங்களைப் பையில் திணித்தாள்.

“இந்த ஒரு தடவையாவது என் வாய் பொய்யாப் போயிருக்கக் கூடாதா?”